எலும்பு பிடித்துக்கொள்ளும் திருகு

(பங்காளர் கூடுகையில் பல் மருத்துவப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பிலேயே ஒரு சிறு திருகைப் பதித்து, அதன்மேல் பல் கட்டும் முறையை இன்று எல்லோரும் 'இம்பிளான்ட்' என்றே சொல்கிறார்கள். நாங்களும் அந்தப் பெயரிலேயே பேசுகிறோம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்களை நிறுத்தி உங்களில் பலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஓரிடத்தில் சொல்லும் விலை அடுத்த தெருவில் பாதியாகிறதே, டாக்டர்? ஒருவர் வெள்ளை இம்பிளான்ட் என்கிறார், இன்னொருவர் மேலே விசேஷப் பூச்சு இருக்கிறது என்கிறார். எதை நம்பிப் பணம் கொடுப்பது?" கேட்பவர்களில் அநேகர் ஓய்வூதியத்திலோ பிள்ளைகள் அனுப்பும் பணத்திலோ வாழ்கிறவர்கள். ஆகையால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் உலோகம். இம்பிளான்டுகளில் பெரும்பாலானவை டைட்டானியத்தால் ஆனவை. இந்த உலோகத்தை முதன்முதலில் அடையாளம் கண்டவர் ஒரு குருவானவர் என்பது இந்தச் சபையில் சொல்லத்தக்க செய்தி. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஊழியம் செய்த வில்லியம் கிரெகர், ஓடைக் கரையில் கிடந்த கருமணலைச் சோதித்து, அதில் அதுவரை அறியாத ஓர் உலோகம் இருப்பதை 1791-இல் கண்டார். அவர் சோதித்தது இல்மனைட் மணல். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடப்பதிலும் இதே இல்மனைட்தான் இருக்கிறது. ஆனால் மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது எளிதல்ல. வியாபார அளவில் அது கைகூடியது 1940-களின் பிற்பகுதியில்தான்.

அதை எலும்பு ஏற்றுக்கொள்ளும் என்பது யாரும் தேடிக் கண்டதல்ல. 1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில், பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் மருத்துவர் முயலின் கால் எலும்பில் இரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஆன சிறு கூடு ஒன்றைப் பதித்திருந்தார். ஆய்வு முடிந்ததும் கூட்டைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிவிட்டிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1965-இல், பிறவியிலேயே தாடைக் குறைபாடுள்ள யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக இம்பிளான்டுகளைப் பதித்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை உழைத்தன. இத்தனைக்கும் 1982-இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே மற்ற நாட்டுப் பல் மருத்துவர்கள் பரவலாக இதை நம்பத் தொடங்கினார்கள்.

டைட்டானியம் துருப்பிடிக்காது என்கிறார்கள். துருப்பிடிக்கிறது, அந்தத் துருவே அதைக் காக்கிறது என்பதே சரி. இரும்பின் துரு பொருக்காக உதிரும். டைட்டானியத்தில், காற்றுப் பட்ட மாத்திரத்தில், ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குக்கு மிகாத ஆக்சைடு படலம் படர்ந்து இறுகிவிடும். கீறினாலும் மறுபடி உடனே மூடிக்கொள்ளும். எலும்பின் அணுக்கள் தொடுவது இந்தப் படலத்தைத்தான். உள்ளே இருக்கும் உலோகத்தை அவை அறிவதேயில்லை. எனவே இம்பிளான்டின் நன்மை தீமையில் பெரும்பகுதி அதன் தோலில் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கும் அந்தத் தோலுக்குத்தான்.

பிரோனமார்க்கின் திருகுகள் கடைசல் இயந்திரத்திலிருந்து வந்தபடியே வழுவழுப்பாக இருந்தன. அவை பிடிக்கும், ஆனால் மெதுவாக. கீழ்த்தாடையில் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் ஆறு மாதம், ஈறை மூடித் தைத்துக் காத்திருக்க வேண்டும். பல்லில்லாமல் ஆறு மாதம் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறவருக்கு அது எவ்வளவு நீண்ட காலம்!

இதை எப்படிக் குறைப்பது? வீட்டில் அம்மி தேய்ந்து வழவழப்பானால் என்ன செய்வோம்? அம்மி கொத்துகிறவரைக் கூப்பிடுவோம். கொத்திய அம்மி பிடித்து அரைக்கும். இங்கும் அதே உபாயம்தான். சிலர் உருகிய டைட்டானியத் தூளைத் திருகின்மேல் பீய்ச்சி மேடுபள்ளமாக்கினார்கள். சிலர் எலும்பின் தாதுவாகிய ஹைட்ராக்சி அபடைட்டை மேலே பூசினார்கள். இன்னும் சிலர் கடினமான அலுமினா மணிகளை வேகமாக வீசி அடித்து, பிறகு கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் அரித்தார்கள். பெரிய குழிகளுக்குள் நுண்ணிய குழிகள் அமைந்தன.

1991-இல் டேனியல் பூசரும் அவருடன் உழைத்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தது. சிறு இனப் பன்றிகளின் எலும்பில் வெவ்வேறு மேற்பரப்புள்ள இம்பிளான்டுகளைப் பதித்து, மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் எலும்பு எவ்வளவு தொட்டிருக்கிறது என்று அளந்தார்கள். மின்முறையில் மெருகிட்ட வழுவழுப்பான பரப்பில் 20 முதல் 25 சதவீதம். மணி வீசி அமிலத்தில் அரித்த பரப்பில் 50 முதல் 60. அபடைட் பூச்சில் 60 முதல் 70. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பூச்சுதான் வென்றது என்பீர்கள். ஆனால் அந்த ஆய்விலேயே பூச்சு கரையத் தொடங்கியதற்கு அடையாளம் தெரிந்தது. பின்னாளில் சில நோயாளிகளிடம் பூச்சு உலோகத்தை விட்டுப் பெயர்ந்தும் போயிற்று. சுவரிலிருந்து காரை பெயர்ந்தால் மறுபடி பூசலாம், தாடைக்குள் என்ன செய்ய? மேலே ஒட்டவைத்த பூச்சு வேறு, உலோகத்தையே கொத்திச் சொரசொரப்பாக்குவது வேறு. 'கோட்டிங்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எது என்று கேளுங்கள்.

மணி வீசி அரித்த வகை 1990-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. நல்ல எலும்பில் ஆறு வாரத்திலேயே பல் கட்ட முடிந்தது. 2012-இல் வெளியான பத்தாண்டுக் கணக்கின்படி, 303 பேருக்குப் பதித்த 511 இம்பிளான்டுகளில் 98.8 சதவீதம் வாயில் நிலைத்திருந்தன. மற்றொரு முன்னேற்றமும் உண்டு. டைட்டானியம் காற்றில் கிடக்கக் கிடக்க நுண்ணிய கரிமப் பொருள்கள் படிந்து, தாமரை இலைபோலத் தண்ணீரை ஒட்டவிடாது. அதற்காகச் சில இம்பிளான்டுகளை உப்புக் கரைசலில் மூழ்கவைத்தே அனுப்புகிறார்கள். இரத்தம் உடனே பரவுகிறது. ஆரம்ப வாரங்களில் எலும்பு சீக்கிரம் சேர்கிறது. அவசரமில்லாத ஒருவர் இதற்காக அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம்.

இனி அம்மியின் மறுபக்கம். புதிதாகக் கொத்திய அம்மியின் குழிகளில் தேங்காயும் மிளகாயும் தங்கும். தேய்த்துக் கழுவாவிட்டால் நாறும். சொரசொரப்பான திருகு எலும்புக்குள் புதைந்திருக்கும்வரை தொல்லையில்லை. ஈறு வீங்கி, எலும்பு இறங்கி, திருகின் கழுத்து வெளியே தெரிந்துவிட்டால் அந்தக் குழிகளில் கிருமிகள் குடியேறும். அங்கிருந்து அவற்றை அகற்றுவது மிகக் கடினம். உலோகத் தூள் பீய்ச்சிய மிகச் சொரசொரப்பான வகைகளில் இந்தத் தொல்லை அதிகம். அதனால்தான் இன்று ஓர் அளவோடு நிறுத்துகிறார்கள்: மேடுபள்ளம் ஒன்று முதல் இரண்டு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அப்படியும் நோய் வராமலில்லை. சுவீடனில் 588 பேரை, இம்பிளான்ட் பதித்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 14.5 சதவீதம் பேருக்கு எலும்பு குறிப்பிடத்தக்க அளவு கரைந்திருந்தது. மருத்துவ வசதி மிகுந்த நாட்டின் கணக்கு இது. புகைப்பவர்களும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களும், முன்பே ஈறு நோயால் பற்களை இழந்தவர்களும் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

வெள்ளை இம்பிளான்ட் என்பது சிர்கோனியா, ஒருவகைப் பீங்கான். முன்பல் பகுதியில் ஈறு மெல்லியதாக இருந்தால் டைட்டானியத்தின் சாம்பல் நிறம் வெளியே தெரியக்கூடும்; அங்கே இது அழகு. ஆனால் பீங்கான் வளையாது, உடையும். பிடிப்புக்காக மணி வீசும்போது அளவு தப்பினால் நுண்ணிய வெடிப்புக்கு வித்திட்டுவிடும். டைட்டானியத்துக்கு இருப்பதுபோல் நாற்பதாண்டு அனுபவம் அதற்கு இல்லை. உலோகம் உடம்புக்கு ஆகாது என்று பயமுறுத்தி அதை விற்பவர்கள் உண்டு. டைட்டானியம் ஒவ்வாத உடம்பு மிக அரிது. எலும்பு குறுகலாக இருந்து மெல்லிய திருகு தேவைப்பட்டால், டைட்டானியத்தோடு சிர்கோனியம் என்னும் உலோகத்தைக் கலந்து செய்த வகை இருக்கிறது. அது உலோகக் கலவை, பீங்கான் அல்ல. தனி டைட்டானியத்தைவிட உறுதியானது.

விலை குறைந்ததெல்லாம் மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்க வேண்டியவை வேறு. மேற்பரப்பு எவ்வகையானது? எத்தனை ஆண்டுகளாக மனிதர் வாயில் இருந்து, அதன் கணக்கு வெளியாகியிருக்கிறது? கட்டப்போகும் பல்லின் கீழே நான் பிரஷ் விட்டுத் துலக்க இடம் இருக்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்கிறவர்களை நாங்கள் அரிதாகவே பார்க்கிறோம், விலையைக் கேட்காதவர்களைப் பார்த்ததேயில்லை.

இன்னொன்று. எங்கோ பதித்துக்கொண்ட இம்பிளான்டின் மேல்பல் ஆடுகிறது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு ஸ்க்ரூவை இறுக்கினால் போதும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனித் திருப்புளி. என்ன வகை என்று அவர்களுக்கே தெரியாது, பதித்த இடத்தில் யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிட வேலை பல வாரத் தேடலாகிவிடுகிறது. ஒவ்வொரு இம்பிளான்ட் டப்பாவிலும் பெயர், அளவு, தயாரிப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். பதிக்கும் அன்றே அதைக் கேட்டு வாங்கி, ஒரு தாளில் ஒட்டி, தேதியும் எந்தப் பல் என்பதும் எழுதி, வீட்டில் ஆதாரங்கள் வைக்கும் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே பதித்தவர்கள் நாளைக்கே போய்க் கேட்கலாம். அந்த மருத்துவர் இடம் மாறுவதற்கு முன்.

இனி உங்கள் கேள்விகளைச் சொல்லுங்கள்.