பெண்களும் கால்பந்தும்

(நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "தறிக்கூலியைப் பற்றியும் மரவள்ளிக் கிழங்கின் விலையைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில், பெண்பிள்ளை பந்து உதைக்கிற கதை எதற்கு?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாம் பேசப்போவது வெறும் விளையாட்டைப் பற்றி அல்ல. ஒரு பெண் தன் கால் பலத்தையும் தன் புத்தியையும் கொண்டு ஒரு தொழிலைக் கற்று, அதில் பேரும் கூலியும் பெற்று, யார் தயவும் இல்லாமல் வாழலாமா, கூடாதா என்பதைப் பற்றியே பேசப்போகிறோம்.

இதற்கு உதாரணமாக ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுவோம். அவர் பெயர் ஆஷாலதா தேவி. 1993-ம் வருஷம் ஜூலை மாதம் 3-ந் தேதி மணிப்பூரில் இம்பாலில் பிறந்தவர். கால்பந்தில் அவர் நிற்கும் இடம் பின்னால். அதாவது தடுப்பாட்டக்காரர். ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடுகிறார்கள். கோல் போடுகிறவருடைய பெயர் பத்திரிகையில் வரும். எதிரி கோல் போடாமல் தடுக்கிறவருடைய பெயர் பெரும்பாலும் வராது. காட்டுக்குத் தண்ணீர் பாயும்போது இரவெல்லாம் நின்று வரப்பு உடையாமல் காக்கிறவனை யார் புகழுகிறார்கள்? வரப்பு உடைந்தால் மாத்திரம் எல்லோரும் அவனைத் தேடி வந்து திட்டுவார்கள். தடுப்பாட்டக்காரருடைய வேலையும் அப்படிப்பட்டதுதான்.

இந்த வேலையிலிருந்துகொண்டே அவர் 2011-ல் இந்தியாவின் பெண்கள் அணியில் சேர்ந்தார். பிறகு அதற்குத் தலைவியானார். 2019-ல் நேபாளத்தில் விராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியில் அவர் தலைமையில் நமது அணி, நேபாளத்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என்று ஜெயித்தது. அதே வருஷம் நம் மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகத்துக்காகவும் ஆடினார். மே மாதம் 22-ந் தேதி லூதியானாவில் நடந்த கடைசிப் போட்டியில் சேது கழகம் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து, இந்தியப் பெண்கள் லீக்கின் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. எங்கோ இம்பாலில் பிறந்த பெண், தன் சொந்த மாகாணத்து அணியை எதிர்த்து, மதுரைக் கழகத்துக்காக நின்று தடுத்தார் என்றால், அதுதான் தொழில் என்பது. அந்த வருஷம் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரி யார் என்று பொறுக்கி எடுத்த மூன்று பேரில் அவரும் ஒருவர்.

2024-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி காத்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் இறங்கியது, நாட்டுக்காக அவர் ஆடிய 100-வது ஆட்டம். இந்தியப் பெண்களில் 100 ஆட்டம் ஆடியவர் அவருக்கு முன் ஒருவருமில்லை. நமது அணி அன்று 5-2 என்று ஜெயித்தது.

நிற்க. இப்படிப்பட்டவரைத் தடுத்தது எது என்று பார்ப்போம். 2022-ம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. அவர்தான் தலைவி. உலகக் கோப்பைக்குப் போக அதுதான் வாசல். ஈரானோடு ஆடிய முதல் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. அதாவது தடுப்பு உடையவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்குள் கொரோனா நோய் அணிக்குள் புகுந்து, இறக்குவதற்கு வேண்டிய 13 பேர்கூட இல்லாமற்போனதால், இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கு வைத்துவிட்டார்கள்.

அடுத்து ஆகஸ்டு மாதம். அவர் தலைமையில் இந்திய லீக்கை ஜெயித்த கேரளத்துக் கோகுலம் அணி, ஆசியக் கழகங்களின் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்தது. அந்தச் சமயத்தில், இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருக்கிறதென்று சொல்லி உலகச் சம்மேளனம் ஆகஸ்டு 15-ந் தேதி தடை போட்டது. 26-ந் தேதி தடை நீங்கியது. ஆனால் அதற்குள் பெண்கள் பந்தைத் தொடாமலே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. சண்டை நாற்காலிக்காக, சண்டை போட்டவர்கள் பெரிய மனிதர்கள், தண்டனை மாத்திரம் ஓடி ஓடிக் கால் காய்ச்சுப்போன பெண்களுக்கு! இதில் அந்தப் பெண்களின் குற்றம் என்ன? ஒருவராவது சொல்ல முடியுமா?

ஆகவே தோழர்களே, பெண்ணுக்குப் பலமில்லை என்பது பொய். எதிரி அணி அவரை நிறுத்தவில்லை. ஒரு தடவை நோய் நிறுத்தியது. இன்னொரு தடவை நிர்வாகம் நிறுத்தியது. இரண்டுக்கும் அவர் பெண்ணாய்ப் பிறந்ததற்கும் என்ன சம்பந்தம்?

இனி, பெண்கள் ஆடக்கூடாது என்பதற்குச் சொல்லும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

முதலாவது, பெண்ணுடம்பு தாங்காது என்பது. இதை எந்த ஊரில் சொல்லுகிறார்கள்? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டும் பெண்களை வைத்துக்கொண்டு சொல்லுகிறார்கள்! கரும்புக்கட்டுத் தூக்குவதற்கும், சேகோ ஆலையில் கிழங்கு தோல் சீவுவதற்கும், செங்கல் சூளையில் மண் சுமப்பதற்கும் தாங்குகிற உடம்பு, ஒன்றரை மணி நேரம் பந்தின் பின்னால் ஓடினால் மட்டும் கெட்டுவிடுமா? கூலிக்குக் குறைத்துக் கொடுக்கும்போது தாங்குகிற உடம்பு, பேர் கிடைக்கிற இடத்தில் தாங்காதா?

இந்தப் பேச்சு நம் நாட்டுச் சரக்கு மாத்திரமல்ல. கால்பந்துக்குத் தாய்வீடு என்கிற இங்கிலாந்திலும் இதே கதைதான். 1920-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூலில் பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கச் சுமார் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 5-ந் தேதியே, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, சங்கத்து மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாதென்று ஆண்கள் தடை போட்டார்கள். அந்தத் தடை ஏறக்குறைய 50 வருஷம் இருந்தது. பிரேசிலில் 1941-ல் சட்டமே செய்தார்கள். அது 1979 வரையில் நீடித்தது. கூட்டம் வராததால் தடை வந்ததா? கூட்டம் வந்த பிறகல்லவா வந்தது! பெண்ணால் முடியாத காரியமானால் அதைத் தடுக்கச் சட்டம் எதற்கு என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அரைக்கால் சட்டை போட்டு ஆடுவது மானக்கேடு என்பது. மானம் துணியின் நீளத்தில் இருக்குமானால், கோவணம் கட்டி ஏர் ஓட்டிய நம் பாட்டனுக்கு மானமில்லை என்று சொல்ல வேண்டும். பார்க்கிறவன் கண்ணைக் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டு, ஓடுகிறவள் காலைக் கட்டுவது என்ன நியாயம்?

மூன்றாவது, இதில் சோறு கிடைக்குமா என்பது. இது ஒன்றுதான் மதிக்கத் தக்க ஆட்சேபணை. பெண்கள் லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது 10 இந்தியப் பெண்களோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும், அவர்களுக்கு வருஷத்துக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சம்மேளனம் 2023-ல்தான் அறிவித்தது. மாதத்துக்கு 27 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஆஷாலதா நாட்டுக்காக ஆடத் தொடங்கி 12 வருஷம் கழித்து வந்த அறிவிப்பு இது. இது போதுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், இது பொழுதுபோக்கு அல்ல, வேலை என்பதை ஒப்புக்கொண்டார்களே, அதுவரையில் லாபம்தான். மீதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

தோழர்களே! இதை இந்த ஜில்லாவில் வந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஷாலதா பிறப்பதற்கு முந்தின வருஷம், 1992-ல், பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், வேண்டாமென்றால் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதல் ஆரம்பித்த இடம் சேலம் ஜில்லா. அப்போது நாமக்கல்லும் அதில்தான் சேர்ந்திருந்தது. பெண்ணைப் பெற்றால் செலவு என்று நினைத்ததன் பலன் அது. பெண்ணும் சம்பாதிப்பாள், பெண்ணுக்கும் ஊர் கூடி மாலை போடும் என்ற நிலை வந்தால் அந்த நினைப்பு எங்கே நிற்கும்?

சின்னப்பம்பட்டி நடராஜன் கிரிக்கெட் ஆடிவிட்டு 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டோம். ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, செய்தது சரி. ஆனால் 2018-ல் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதன்முதலாக தேசியப் பட்டம் வாங்கினார்களே, அதில் ஒரு பெண்ணின் பெயரையாவது இங்கே சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? 2025 ஜூலை 5-ந் தேதி இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்து, தகுதிப் போட்டியின் மூலம் முதன்முதலாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்களே, அன்று நம் டீக்கடைகளில் எத்தனை பேர் அதைப் பேசினோம்?

ஆகையால் நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது மூன்றே விஷயங்கள்தான். பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று சொல்லி அவளை மைதானத்திலிருந்து நிறுத்தாதீர்கள். ஆட்டம் படியும் வயதே அதுதான். உங்கள் பஞ்சாயத்து மைதானத்தில் வாரத்தில் சில மாலைகளையாவது பெண்களுக்கென்று ஒதுக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மணியைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கினால் போய்க் கேளுங்கள். மூன்றாவதாக, விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகத்தில் ஆடிய பெண்களை உட்கார வையுங்கள். தாஷ்கண்டில் நடந்தது இனி நடக்காமலிருக்க வேண்டுமானால், ஓடுகிறவர்களுக்கும் நாற்காலியில் பங்கு வேண்டும்.

தாய்மார்களே! உங்கள் மகள் ஆஷாலதாவைப்போல் 100 ஆட்டம் ஆட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவள் ஆட வேண்டாமென்றால் அவளே சொல்லட்டும். அவளுக்காக நீங்களும், ஊரும், சாதியும் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம் என்று மாத்திரம் கேட்டுக்கொள்ளுகிறோம்.