சத்தம் எங்கிருந்து வருகிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் சம்பந்தமாக ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். நான் தப்பாகச் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பயன்படும்.

எங்கள் வீட்டில் 1985-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அப்பா என்னை இந்தக் கல்லூரியில் படிக்க வைத்தார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்த வண்டி அது. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் தயாரானது, 2014-ல் உற்பத்தி நின்றது. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்துக்கு. நடுவே கிளட்ச், கியர்பாக்ஸ், நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட், கடைசியில் டிஃபரன்ஷியல். இதில் எது கெட்டாலும் தகர பாடி அந்தச் சத்தத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வேறெங்கோ போட்டுவிடும். காதை நம்பினால் கோவிந்தா!

2012-ல், நான் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம், வண்டியை முதல் கியரில் எடுக்கும்போதெல்லாம் 'டக்'கென்று ஓர் அடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் கால் வைக்கும் இடம் அதிர்ந்தது. "பின்னாடி இல்லடா, ஷாஃப்ட்டைப் பாரு" என்றார் அப்பா. பட்டதாரி கேட்பேனா? கிரவுன்-பினியன் பல் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, செகண்ட் ஹேண்ட் டிஃபரன்ஷியல் ஒன்றைச் சம்பளப் பணத்தில் வாங்கி மாட்டினேன். சாயங்காலம் வண்டியை எடுத்தால் அதே டக்! அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் இருந்த கல்யாண சவாரியை மட்டும் வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்.

அதிர்வைப் பற்றி நான் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிஷத்துக்கு 1000 மீட்டர். டயர் சுற்றளவு சுமார் 2 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு எட்டு சுற்று. ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். சக்கரக் கோளாறு உதறலாகத் தெரியும். ஷாஃப்ட் கோளாறு ரீங்காரமாகத் தெரியும். எங்கள் வண்டியில் இருந்தது ரீங்காரம். அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினாலும் அது போகவில்லை. எனவே எஞ்சின்மேல் பழி இல்லை.

காலையில் அப்பாவே கீழே படுத்தார். சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், கியர் நியூட்ரல். ஜாயிண்ட்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகினார். இரண்டும் சேர்ந்தாற்போல் கொஞ்சம் சுற்றி நின்றால் அது டிஃபரன்ஷியல் பல் இடைவெளி. ஓரளவு இருக்கத்தான் வேண்டும். ஒன்று நிற்க மற்றது அசைந்தால் ஜாயிண்ட் போச்சு. பின் ஜாயிண்ட் கெட்டியாக இருந்தது. முன் ஜாயிண்ட் ஆடியது. அதன் கப்பைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருப்பொடி. உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் பொடியாகிக்கொண்டிருந்தது. ஓடும்போது அது உடைந்திருந்தால் ஷாஃப்ட் முனை ரோட்டில் குத்தியிருக்கும். கல்யாண சவாரியை அவர் ஏன் விட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

மற்ற சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளட்ச் மிதித்தால் மட்டும் இரைந்தால் கிளட்ச் பேரிங். மற்ற கியர்களில் இரைந்து நாலாவதில் அடங்கினால் கியர்பாக்ஸ் லே ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். நாலாவதில் சக்தி அதன் வழியே போவதில்லை. ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஊளை, விட்டால் வேறு சுருதி என்றால், அப்போது டிஃபரன்ஷியலைக் கழற்றுங்கள். வளைவில் கூடிக் குறைகிற முனகல் பெரும்பாலும் வீல் பேரிங். ரோடு மாறினால் மாறுகிற சத்தம் வெறும் டயர்.

அந்தப் பழைய கிராஸ் இதோ மேஜைமேல் இருக்கிறது. ஊசி பதிந்த கோடுகளை நகத்தால் தடவிப் பாருங்கள். புதுசுக்கு ஆன செலவு, டிஃபரன்ஷியலுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த வண்டியில்தான் வந்திருக்கிறேன். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. அப்பாவுக்கு இப்போது காது மந்தம், ஆனாலும் கூடவே வந்திருக்கிறார். பின்பக்கம் ஒரு வீல் பேரிங் முனகுகிறது. நான் இடது என்கிறேன், அவர் வலது என்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்கள் இரண்டு பேர் வந்தால் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம்.