மண்மூட்டை தூக்க மட்டுமா இளைஞர்கள்?

(திருப்பதியில் நடந்த சங்க இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2021 நவம்பரை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. 18-ஆம் தேதி பெய்த மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. பொன்முகலி கரைபுரண்டது. 21-ஆம் தேதி இராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழேயுள்ள கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். சித்தூரில் நீவா என்றும் தமிழகத்தில் பொன்னை என்றும் பெயர் கொண்ட ஆறும் பெருக்கெடுத்தது. டிசம்பரில் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே அந்த ஆற்றின் ரயில் பாலம் பழுதாகி, வண்டிகள் பல ரத்தாயின. டிக்கெட் கவுண்டரில் உட்காருகிற எங்களுக்கு அந்த நாட்களின் அவதி தெரியும்.

பூமி சூடேறச் சூடேறக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. இராயலசீமைக்கு வறட்சி பழையது. இனி வறட்சியையும் வெள்ளத்தையும் ஒரே ஊர், ஒரே ஏரி தாங்கியாக வேண்டும். ஆகவே கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய் பற்றி முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும்.

அந்தத் திட்டத்தை யார் போடுகிறார்கள்?

கரை கசிந்தால் மண்மூட்டை தூக்க இளைஞர்களைக் கூப்பிடுகிறோம். திட்டம் பேசும்போது, "உனக்கென்ன தெரியும், போய்ப் படி" என்கிறோம். இது நியாயமா?

சட்டமும் ஓரளவுக்கு இப்படித்தான். ஆந்திரத்தின் 1997-ஆம் ஆண்டுப் பாசன நிர்வாகச் சட்டப்படி, நீர்ச் சங்கத்தில் ஓட்டு நிலவுடைமையாளருக்கும் பதிவேட்டில் ஏறிய குத்தகைதாரருக்கும்தான். தகப்பன் பெயரில் நிலம் இருந்தால் மகனுக்கு ஓட்டில்லை. பிழைப்புத் தேடி வந்த நம்மில் பலருக்குப் பட்டாவே இல்லை. ஆனால் ஏரி உடைந்தால், தண்ணீர் பட்டா பார்த்தா வீட்டுக்குள் நுழைகிறது?

ஆனால் வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 18 வயதுக்காரர் எவரும் கிராம சபையில் பேசலாம். 21 வயதில் பஞ்சாயத்துக்குப் போட்டியிடலாம். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டத் திட்டத்தை உள்ளாட்சிகளைக் கலந்து தயாரிக்க வேண்டும், ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்கிறது. கலந்து பேசச் சட்டமே சொல்லும்போது, நாம் ஏன் வாய்மூடி இருக்க வேண்டும்?

நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி பலமும் உண்டு. அதிகாரிகளின் அறிவிப்பு தெலுங்கில் வருகிறது. நம் பெரியவர் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பள்ளியில் தெலுங்கு படித்த பிள்ளைகள்தான் நமக்கும் அரசுக்கும் பாலம். 1970 புயலில் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, வங்காளதேசம் 1972-இல் புயல் எச்சரிக்கையை வீடுவீடாகச் சேர்க்கத் தொண்டர் படையையே அமைத்தது. ஏழை நாடு செய்தது நம்மால் முடியாதா?

ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு குடியிருப்பிலும் ஐந்து இளைஞர்கள், அவர்களில் இருவர் பெண்கள், மழைக்கு முன்பே ஏரியையும் கால்வாயையும் நடந்து பார்த்து நோட்டில் எழுதட்டும்.

இரண்டு: அந்தக் குறிப்பைத் தெலுங்கில் மனுவாக்கி, கிராம சபையிலும் மாநகராட்சி அலுவலகத்திலும் கொடுத்து, கையெழுத்துடன் ரசீது வாங்கட்டும்.

மூன்று: நிலமில்லாதோருக்கும் இளைஞருக்கும் நீர்ச் சங்கத்தில் இடம் கேட்டுச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றட்டும்.

இந்த ஏரிக்கரையில் நம்மைவிட நீண்ட காலம் வாழப்போகிறவர்கள் அவர்கள்தான். மண்மூட்டையை அவர்கள் தோளில் ஏற்றுகிறோம். திட்டப் புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுப்போம்.