விளக்கும் எண்ணிக்கையும்



கொரோனாப் பெருந்தொற்றின்போது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர் ஆற்றிய பணியைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தமிழ் பயிற்றுவிப்பவள் என்ற முறையில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அக இலக்கியத்தில் ஈன்றவள் நற்றாய். அருகிருந்து வளர்ப்பவள் செவிலி. தலைவி உடன்போக்கில் சென்றபின், சுடுகின்ற பாலைவழியில் அவளைத் தேடிச் செல்பவளும் செவிலியே. மருத்துவமனைப் பணியாளர்க்கு இப்பெயர் மிகவும் பொருந்துகிறது. பிறர் ஈன்ற உயிரைக் கண்ணிமைபோல் காப்பது இருவர்க்கும் பொது.

அப்பணி யாதென எண்ணிப் பார்த்தல் வேண்டும். செயற்கை சுவாசக் கருவியில், மயக்க மருந்தின் பிடியில் இருக்கும் நோயாளர் பேசவும் அசையவும் இயலாதவர். குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுத்தல், கண்களை உலராமல் காத்தல், படுக்கைப்புண் வாராதபடி உடலைத் திருப்பி வைத்தல், குருதியழுத்தத்தைத் தாங்கி நிற்கும் மருந்து தீருமுன் மாற்றுதல், மணிக்கு மணி குறித்துவைத்தல் ஆகியன செவிலியர் கையில் உள்ளன. மூச்சுத் திணறல் மிக்கோரை நாளொன்றுக்கு 16 மணி நேரமேனும் குப்புறப் படுக்கவைத்தனர். குழாய்கள் நழுவாமல் ஒருவரைத் திருப்புவதற்கு ஐந்தாறு பேர் வேண்டும். கருவி ஒலியெழுப்பும், அவ்வொலியின் பொருளறிந்து விரைந்து வருவதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் போதவில்லை. இங்கிலாந்தில் செயற்கை சுவாசம் பெறும் நோயாளர் ஒருவர்க்குச் செவிலியர் ஒருவர் என்பது வழக்கமான அளவு. 2020ஆம் ஆண்டின் நெருக்கடியில், பிற பிரிவுச் செவிலியரின் துணையோடு, தீவிர சிகிச்சையில் பயின்றவர் ஒருவர் 6 நோயாளரைக் கவனிக்கலாம் என்று அவ்வளவு தளர்த்தப்பட்டது. உறவினர் நுழைய இயலாத நாள்கள் அவை. மகளின் குரல் ஒலிக்கும் கைப்பேசியைத் தந்தையின் செவியருகே பிடித்து நின்றவர் செவிலியரே. நற்றாய் வர இயலாத இடத்தில் செவிலி நின்றாள். அவள் அங்கு நிற்கும் ஐந்து நிமிடத்தில் மற்ற ஐந்து கட்டில்களை யார் பார்ப்பது?

இவ்வினா மிகையன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் தம் முடிவை வெளியிட்டனர். செவிலியர் ஒருவரின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடக் கண்டனர்.

2020 ஏப்ரல் 3 அன்று இலண்டனின் கண்காட்சிக் கூடம் ஒன்று, 4,000 படுக்கைகள் வரை விரிக்கத்தக்க மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. முதல் அலையில் அங்குச் சிகிச்சை பெற்றோர் 54 பேர் மட்டுமே. பிற மருத்துவமனைகள் தம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை விரித்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். போதிய செவிலியர் இன்மையால் சில நோயாளரை ஏற்க இயலவில்லை என்பதும் அந்நாளில் வெளிவந்த செய்தி. கட்டிலையும் கருவியையும் சில நாள்களில் அடுக்கிவிடலாம். பயின்ற செவிலியை அவ்வாறு உருவாக்க இயலாது.

அம்மருத்துவமனைக்கு இட்ட பெயர் நைட்டிங்கேல். 1854இல் கிரிமியப் போரின் காயமுற்றோரைப் பேணச் சென்ற அவ்வம்மையாரை, அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1857இல் எழுதிய கவிதை விளக்கேந்திய பெருமாட்டியாக உலகோர் மனத்தில் நிறுத்தியது. அம்மையாரோ ஏட்டில் எண்களைக் குறித்துவந்தார். போர்ப்புண்ணால் மாண்டோரினும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டோரே மிகப் பலர் என்பதை 1858இல் வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளர்முன் வைத்தார். கவிதை தந்த விளக்கு நிலைத்தது. அவர் வைத்த கணக்கை மறந்தோர் பலர்.

நம் நாட்டில் 2020 மார்ச் 22 அன்று கைதட்டினர். மே 3 அன்று மருத்துவமனைகள்மீது ஹெலிகாப்டர்கள் மலர் தூவின. செவிலியரைத் தேவதை என்று பாடிய கவிதைகளும் பல வந்தன. நன்றியுணர்வு நன்றே. ஆயினும் தேவதைக்குப் பசியில்லை, உறக்கமில்லை, நீர்வேட்கையில்லை. ஊதியமும் ஓய்வும் அது கேட்பதில்லை. கவச உடைக்குள் பல மணி நேரம் நீரருந்தாமல் நின்றவளுக்கு இவை யாவும் உண்டு. தேவதை என்றழைத்த அளவில் அவள் உரிமையைப் பேச வேண்டிய கடமை நம்மைவிட்டு எளிதாக நீங்கிவிடுகிறது. உலக அளவில் 59 இலட்சம் செவிலியர் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அக்குறையை மலர்கள் நிரப்பா.

ஆகவே, கவிஞர் பெருமக்களே, இவ்வவையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். செவிலியைப் பாடுங்கள். பாடும்போது அவள் பொறுப்பில் எத்தனை கட்டில்கள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பாடுங்கள். அவ்வெண் கவிதையின் அழகைக் குறைக்காது. அடுத்த தொற்று வருமுன் ஓர் உயிரையேனும் காக்கக்கூடும்.