கொள்ளிவாய்ப் பேயும் கரும்பாலைக் கழிநீரும்



சதுப்பு நிலத்தில் இரவிடை மின்னி மறையும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்று அஞ்சியவர் தமிழ் நாட்டுப்புற மக்கள். சேற்றின் அடியில் இலைதழைகள் மட்கும்போது எழும் வளி தீப்பற்றுவதே அவ்வொளிக்குக் கரணியம் என்று அறிவியலார் பலர் கருதுவர். இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1776-இல் மாச்சோரே ஏரிச் சேற்றிலிருந்து அவ்வளியைத் திரட்டினார். அது தீப்பற்றி எரியும் என்பதையும் ஆய்ந்து காட்டினார். பேய் என்று அஞ்சப்பட்டது எரிபொருள் என்று தெளிவாயிற்று. மீத்தேன் என்று உலகம் வழங்கும் அதனைச் சேற்றுவளி என்று தமிழில் அழைத்தால், அதன் பிறப்பிடம் பெயரிலேயே விளங்கும்.

அந்தச் சேற்றுவளிக்கும் கரும்பாலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கரும்புச் சாற்றிலிருந்து சருக்கரையைப் பிரித்தபின் எஞ்சுவது கழிவுப்பாகு. அதனை நொதிக்கச் செய்து வடித்தால் எரிசாராயம் கிடைக்கும். பெட்ரோல் எனப்பெறும் கன்னெய்யில் நூற்றுக்கு 20 பங்கு எரிசாராயம் கலக்கும் நிலையை இந்திய ஒன்றியம் 2025-இல் எட்டியது. இது பெருமையாகப் பேசப்படுகின்றது. ஆனால், கழிவுப்பாகிலிருந்து ஓர் இலிட்டர் எரிசாராயம் வடித்தால், 10 முதல் 15 இலிட்டர் வரை கழிநீர் எஞ்சும் என்பதைப் பேசுவார் சிலரே. நாளொன்றுக்கு 30,000 இலிட்டர் வடிக்கும் ஆலையில் 3 இலக்கம் இலிட்டருக்குக் குறையாத கழிநீர் சேரும். கரும்பழுப்பு நிறமும் புளிப்பும் உவர்ப்பும் கொண்ட அந்நீரை ஆற்றில் விட்டால், ஆற்றுநீரின் உயிர்வளி தீர்ந்து மீன்கள் மாளும்; நிலத்தில் தேங்கவிட்டால் கிணறுகள் கெடும்.

இக் கழிநீரே இரண்டாம் முறையும் எரிபொருள் தரும். காற்றுப் புகாத பெருந்தொட்டியில் அதனை இட்டு, ஏறத்தாழ 35 முதல் 40 பாகை வரை வெப்பம் நிலவச் செய்தால் நுண்ணுயிர்கள் பணியைத் தொடங்கும். உழுவார், நடுவார், அறுப்பார், தூற்றுவார் எனக் கழனிப்பணி பகுக்கப்படுவது போல், இங்கும் நால்வகைக் கூட்டம் உண்டு. முதற் கூட்டம் பெருங்கூறுகளை உடைக்கும். இரண்டாவது அவற்றைப் புளிமங்களாக்கும். மூன்றாவது அப்புளிமங்களைக் காடியில் உள்ள புளிமமாக மாற்றும். நான்காவது அதிலிருந்து சேற்றுவளியை விளைக்கும். உயிர்வளி பட்டால் தாங்கமாட்டாத இந்நான்காம் கூட்டம், உயிர்க்குலத்தில் தனிப்பெரும் பிரிவைச் சேர்ந்தது என்பதைக் கார்ல் வோசும் அவர்தம் தோழர்களும் 1977-இல் நிறுவினர். முன்னவை விரைந்து, நான்காவது பின்தங்குமாயின் தொட்டி முழுதும் புளித்து வளி நின்றுவிடும். அளவறிந்து ஊட்டுவதே இத்தொழிலின் திறம்.

செம்மையாக நடைபெறும் தொட்டியில், ஒரு கனமீட்டர் கழிநீரிலிருந்து ஏறத்தாழ 25 கனமீட்டர் எரிவளி பெறலாம். அதில் பாதிக்கு மேற்பட்டது சேற்றுவளி. ஆலைக் கொதிகலத்தை அது எரிக்கும்; மின்னாக்கவும் உதவும்; தூய்மை செய்து அழுத்தினால் ஊர்தியையும் ஓட்டும். எனினும், வளி எடுத்தபின் எஞ்சும் நீர் தூயதாகிவிடுவதில்லை. பழுப்பு நிறம் நீங்காது. அதனை ஆற்றில் விடுதல் தகாது. அதில் மிகுந்துள்ள சாம்பற்சத்தை அளவாகக் கழனிக்குத் திருப்புவதே முறை.

பிரேசில் நாடு 1975-இல் எரிசாராயத் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டுக் குவாரிபா என்னும் ஊரில் 2020-இல் திறக்கப்பட்ட நிலையம், கரும்பாலைக் கழிநீரையும் சாற்றுவடிப்பில் எஞ்சும் மண்டியையும் நொதிக்கச் செய்து மின்னாக்குகின்றது. கழிநீருக்கு அம்மக்கள் தம் பேச்சுமொழியாகிய போர்த்துக்கீசியத்திலேயே பெயர் வைத்துள்ளனர். உழவரும் தொழிலாளரும் ஆய்வாளரும் அங்கு அதே சொல்லை ஆளுகின்றனர்.

தமிழில் இஃது இயலாதோ? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்னும் சொற்களைத் தமிழுழவர் எளிதில் ஏற்று நாள்தோறும் வழங்குகின்றனரே! நறவும் தேறலும் கழகக் காலத்திலேயே வடித்த மக்களுக்கு, மாவைப் புளிக்க வைத்து உண்ணும் மக்களுக்கு, நொதித்தல் புதுமையன்று. வேண்டுவது, பழகிய சொல்லைப் புதிய தொழிலுக்குள் அழைத்துச் செல்லும் துணிவே.

இது மொழிப்பற்றின் பெருமைக்காக மட்டும் கூறப்படுவதன்று. உயிரைக் காக்கவும் கூறப்படுவது. அக்கழிநீரில் கந்தக உப்புகளும் உள. அவற்றிலிருந்து வேறு நுண்ணுயிர்கள் கந்தகநீரக நச்சுவளியை விளைக்கும். சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும் அவ்வளி, மிகுந்தால் மூக்கின் மணவுணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றது, நஞ்சும் நீங்கியது என்று எண்ணி இறங்குபவன் தொட்டிக்குள்ளேயே மடிவான். அவனை மீட்க இறங்குபவனும் மடிவான். தொட்டியின் வாயிலில் உள்ள எச்சரிக்கை அத்தொழிலாளிக்குத் தெரியாத மொழியில் இருக்குமாயின், அஃது அவனுக்கு எழுதப்பட்டதாகுமோ? புரியாத எழுத்து அங்கே வெறும் வண்ணப்பூச்சே!

ஆதலின், தமிழ்மண்ணில் இயங்கும் ஒவ்வோர் ஆலையிலும் எச்சரிக்கைப் பலகையும் பணிமுறைக் கையேடும் முதற்கண் தமிழில் அமைதல் வேண்டும். எத்துணைக் கழிநீர் எழுந்தது, எத்துணை வளி கிடைத்தது, எஞ்சிய நீர் எங்குச் சென்றது என்னும் கணக்கு, கரும்பு விளைத்த உழவர்முன் தமிழில் வைக்கப்படல் வேண்டும். கேட்கும் உரிமை அவருக்குண்டு. கேட்பதற்குரிய சொற்களை ஆக்கித் தரும் கடமை தமிழறிஞர்க்குண்டு.

பேயென்ற அச்சத்தைப் போக்கியது அறிவு. அவ்வறிவு தமிழ் பேசுமாயின், கழிவு எரிபொருளாகும். தொழிலாளியின் உயிரும் காக்கப்படும்!