ஊசியும் விமான டிக்கெட்டும்

(மைசூரு கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"பெருந்தொற்றுக் காலத்தில் விமானப் பயணிகளும் தடுப்பூசியும்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன். ஆனால் இந்த ஹாலில் பாதிப் பேருக்கு மேல் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்த யோக்யதையில் பேசுகிறேன்.

2021 மார்ச் 1-ம் தேதி அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். நியூஜெர்ஸியில் இருக்கும் என் பெண்ணுக்கு ஆகஸ்டில் பிரசவம். முதல் வாரமே நானும் என் மனைவியும் வரிசையில் நின்றுவிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், அப்போது என் மனதில் கொரோனா இல்லை. அமெரிக்காவின் இமிக்ரேஷன் கௌண்டர்தான் இருந்தது.

சாமுண்டிபுரத்தில் என் அண்ணா இருந்தார். எண்பத்திரண்டு வயது. "அண்ணாவையும் அழைச்சுண்டு போயிடலாமே" என்றாள் மனைவி. "அவர் எங்கே போகப் போறார்? கூட்டம் குறையட்டும், மெதுவாப் போட்டுக்கலாம்" என்றேன். அண்ணாவும் சரி என்றார். மே மாதம் இரண்டாவது அலையில் அவருக்கு ஜுரம் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வரவில்லை. காரியங்களுக்குக்கூட எல்லோரும் கூட முடியவில்லை. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் "எங்கே போகப் போறார்" என்று சொன்னது நான்தானே.

அதே மே 4-ம் தேதி முதல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியது. பேத்தியை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தோம். செப்டம்பர் 20-ம் தேதி, நவம்பரிலிருந்து ஊசி போட்டவர்கள் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட ஊசியாக இருக்க வேண்டும். புனேயில் தயாரான கோவிஷீல்டுக்குப் பிப்ரவரியிலேயே அந்த அங்கீகாரம் கிடைத்திருந்தது. நாங்கள் போட்டுக்கொண்டதோ ஹைதராபாத் கோவாக்ஸின்! "வேறு மொபைல் நம்பரில் பதிவு பண்ணி கோவிஷீல்டும் போட்டுக்கோ" என்று ஒரு நண்பர் உபாயம் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. நவம்பர் 3-ம் தேதி கோவாக்ஸினுக்கும் அங்கீகாரம் வந்தது. 8-ம் தேதி அமெரிக்கா திறந்தது. நடுவில் ஐந்தே நாள்!

கோவிஷீல்டுகாரர்களும் நிம்மதியாக இல்லை. பிரிட்டன் முதலில் அந்த ஊசியையே பட்டியலில் சேர்க்கவில்லை. பிறகு ஊசி சரி, சான்றிதழ்தான் சரியில்லை என்றது. பதிலுக்கு நம் அரசும் அக்டோபர் 4 முதல் பிரிட்டனிலிருந்து வருகிற பிரிட்டிஷ்காரர்களைப் பத்து நாள் தனிமையில் இருக்கச் சொன்னது. 11-ம் தேதி அவர்கள் இறங்கி வந்தார்கள். இதற்கிடையே நம்மவர்களுக்கு இனிஷியல் தொல்லை வேறு. ஆதாரில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கோவின் சான்றிதழில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆசாமிதான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இத்தனை அமர்க்களத்தில், ஊசி எதற்கு என்பதே மறந்துவிட்டது. அது தொற்றை முழுக்கத் தடுக்கவில்லை. ஒமிக்ரான் வந்தபின் அது நன்றாகவே தெரிந்தது. நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாவதைத்தான் பெரிதும் குறைத்தது. அதாவது, அந்த மருந்து வேலை செய்ததெல்லாம் நம் உடம்புக்குள்தான். நாமோ அதை ஆபீஸருக்குக் காட்டும் காகிதமாக எண்ணிக்கொண்டோம்.

நம் ஊர் விஷயம் ஒன்று சொல்கிறேன். 1802-ல் பெரியம்மைத் தடுப்பு மருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்தது. வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்பதால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி மாற்றியே கொண்டுவந்தார்கள். அப்போது மருந்துதான் பயணி! 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவரைத் தீட்டினார். அதில் ஒருவர், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளம் ராணி தேவஜம்மணி. புடவையை விலக்கி அம்மை குத்திய இடத்தைக் காட்டுகிறார் என்பது ஆய்வாளர் நைஜல் சான்சலரின் கணிப்பு. ஆசாரமான அந்தப்புரத்துப் பெண். அவருக்கு எந்தக் கப்பலிலும் ஏற வேண்டியிருக்கவில்லை.

2022-ல் மூன்றாவது டோஸ் வந்தபோது நம் உறுப்பினர்கள் சிலரிடம் போட்டாயிற்றா என்று விசாரித்தேன். "அமெரிக்கால கேக்கறாளா?" என்பதுதான் முதல் பதில். கேட்கவில்லை என்றதும் விஷயம் அதோடு முடிந்தது. 2023 மே மாதம் அமெரிக்கா அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது. இப்போது யாரும் பேசுவதில்லை.

அந்த 2022-ல் மன்னியை நானே ஆட்டோ வைத்து அழைத்துப் போய் மூன்றாவது டோஸ் போட்டுக் கூட்டிவந்தேன். மன்னியிடம் இன்றுவரை பாஸ்போர்ட் கிடையாது.