படம் பொறித்த முகவரிச் சீட்டு

(வெம்பக்கோட்டையில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனாகிய யான் இலக்கியத்தை விடுத்து, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு அட்டையைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 'விஸிட்டிங் கார்டு' என்று யாவரும் வழங்கும் முகவரிச் சீட்டே அது. அதிலும் உடையவரது படம் பொறித்த சீட்டு. இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1854 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் புகைப்படக்காரர் திஸ்தெரி என்பார், ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுத்து அட்டையில் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவை முகவரிச் சீட்டின் அளவினவாய் இருந்தமையால் அச்சீட்டின் பெயரே அவற்றிற்கும் வழங்கிற்று.

நம் பகுதியிலோ அச்சுத் தொழில் தீப்பெட்டியின் தம்பி. 1922 ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுச் சிவகாசிக்கு மீண்டனர். தீப்பெட்டிக்கு லேபில் வேண்டியிருந்தது, பட்டாசுக்கும் வேண்டியிருந்தது, அத்தேவையே அச்சகங்களை வளர்த்தது. நாட்காட்டியும் டைரியும் நாடெங்கும் அனுப்பும் ஊர் பக்கத்தில் இருக்க, நம் பிள்ளைகள் கொண்டுவரும் சீட்டுகளில் முகம் கரி பூசினாற்போல் இருப்பது ஏன்?

குற்றம் பெரும்பாலும் நாம் கொடுக்கும் படத்தினுடையது. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் வழியிலேயே சுருங்கிவிடுகிறது. கைப்பேசித் திரையில் தெளிவாய்த் தோன்றினும் அச்சுக்கு அஃது உதவாது. அச்சேறும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். மூலப் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புக. அடையாள அட்டையைப் படம் பிடித்து அதிலுள்ள முகத்தை வெட்டிக் கொடுப்பாரும் உளர்! அதனினும் முகமின்றி அச்சிடுதல் நன்று.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. தாளோ நீலம், செம்மை, மஞ்சள், கருமை என்னும் நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் காட்டுகிறது. ஆதலின் தாளில் சற்று இருண்டே தோன்றும். கரிய பின்னணியில் எடுத்தால் தலைமயிர் அதனோடு கலந்துவிடும். வெளிர்ந்த சுவரின் முன், வெயில் படாத வெளிச்சத்தில் நின்று எடுத்தாற் போதும். முகத்தை வெளுப்பாக்கித் தரும்படி கேட்பவரைக் கண்டு யான் வருந்துகிறேன். சீட்டைக் கண்டவர் ஆளைக் கண்டதும் அறிய வேண்டாமா?

மலிவுச் சீட்டுகள், பலருடையவற்றை ஒரே பெருந்தாளில் சேர்த்து அச்சிடப்படுவன. ஒருவர் முகத்திற்கென்று ஆங்கு மையைத் திருத்த இயலாது. விலைக் குறைவின் காரணம் அது. அட்டை 300 அல்லது 350 ஜி.எஸ்.எம். கனம் இருக்கட்டும்.

இனிக் காரணத்தைக் கூறுவேன். என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன், பட்டாசு விற்பனை முகவனாய் வடநாட்டு ஊர்களுக்குச் செல்பவன். இந்தி அறியான். சொல்லால் தன்னைப் பிறர் நினைவில் நிறுத்த இயலாதவன், முகத்தால் நிறுத்தலாமென்று படமுள்ள சீட்டு ஆயிரம் அச்சிட எண்ணினான். ஒரு புறம் தமிழ், மறுபுறம் ஆங்கிலம். பிழை பார்க்க என்னிடம் புரூப் கொண்டுவந்தான். 'வெம்பகோட்டை' என்றிருந்ததில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்தேன், 'விற்பணை' என்றிருந்ததைத் திருத்தினேன், பெருமிதத்தோடு கையெழுத்திட்டேன். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்ததை யான் பார்க்கவில்லை.

படம் அழகாய் அமைந்தது. சீட்டுகள் கடைதோறும் சென்றன. தீபாவளி வரை ஓர் அழைப்பும் வரவில்லை. மறுமுறை அவன் போனபோது ஒரு கடைக்காரர் கண்டவுடன் முகத்தை அறிந்து, மேசையறையிலிருந்து அச்சீட்டை எடுத்து, எண்ணை விரலால் சுட்டிக் கையை விரித்தாராம். ஒரு பருவத்து வருமானம் போயிற்று. "ஐயா, எழுத்தைப் பார்க்கத்தானே தங்களிடம் வந்தேன், எண்ணை நானல்லவா பார்த்திருக்க வேண்டும்?" என்றான். வைதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆதலின் இளைஞர்களே, புரூப் வந்ததும் அதிலுள்ள எண்ணைப் பார்த்து வேறொருவர் கைப்பேசியிலிருந்து அழையுங்கள். மணி உங்கள் பையில் ஒலித்த பின்னரே கையெழுத்திடுங்கள். என்னிடம் காட்ட விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரலாம். இம்முறை எண்ணையே முதலில் பார்ப்பேன்.